ஒன்பது பத்துக்குத் திறக்கும் பெட்டி

அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது. முதலாளி இம்ரான் பாய். போன் பேசும் லில்லி. டைப் அடிக்கிற நான். ஜன்னலோர மேஜையில் ஜங்க் அக்கா. மொத்தம் நாலு பேர். அக்காவைக் கேட்டிருந்தால் ஐந்து என்று சொல்லியிருப்பார். அந்த ஐந்தாவது ஆளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிடரியில் ஜில்லென்கிறது. பெங்களூர்க் குளிர் இல்லை, அது வேறு குளிர்.

முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, "நீங்க உயிரோட இருக்கீங்களா?" என்று பச்சையாகக் கேட்ட ஒரே மனுஷி இந்த ஊரில் ஜங்க் அக்காதான். ஒருநாளைக்குப் பதினைந்து பேரிடம் கேட்பார். அதற்கு மாசச் சம்பளமும் வாங்கினார்.

எங்கள் ஆபீஸ் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. பதினெட்டு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்கள் எங்களை நம்பிப் பிழைக்கின்றன, நாங்கள் அவர்களை நம்பிப் பிழைக்கிறோம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவருக்குச் சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் மெயிலில் போய்விட வேண்டும். லேப்காரர்கள் அனுப்பும் சீட்டைப் பார்த்துப் பெயர், வயசு, போன் நம்பர், மெயில் விலாசம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஒரு எழுத்தை மூன்று தடவை பார்ப்பேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஜாதி நான். இந்த வேலைக்கு அது நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்காவின் வேலை வேறு. நாங்கள் அனுப்பும் மெயில் ஜங்க் பெட்டியில், அதாவது யாரும் எட்டிப் பார்க்காத குப்பை மெயில் பெட்டியில், விழாமல் பார்த்துக்கொள்வது. இதற்கெல்லாமா ஒரு ஆள் என்று கேட்பீர்கள். சேர்ந்த புதிதில் நானும் கேட்டேன். அக்கா தன் குரங்குக் குல்லாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வருஷம் முழுக்க அந்தக் குல்லாய்தான். மஞ்சள் கலர். ஐம்பத்தைந்து வயசுப் பெண்மணி சேலைக்கு மேல் மஞ்சள் குல்லாய் போட்டுக்கொண்டு படியேறி வந்தால் பேக்கரிக்காரர் பன்னை வைத்துவிட்டு வணக்கம் வைப்பார்.

"தம்பி, மெயில் நேரா வீட்டுக்குள்ள போவுதுன்னு நெனச்சியா? வாசல்ல ஒருத்தன் நிக்கறான்."

"யாருக்கா?"

"அவன்தான்."

எங்கள் ஆபீசில் அவனுக்கு வேறு பெயரே கிடையாது. அவன் என்றால் அவன்தான். உண்மையில் அது மெயில் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் சல்லடை, மெஷின், அவ்வளவுதான். லில்லி எனக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் அக்கா சொல்லும்போது அது மெஷின் மாதிரி இருக்காது. வாசற்படியில் இருட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் கையை மோந்து பார்க்கும் ஒரு ஆள் மாதிரி இருக்கும்.

அவனுக்காக எங்கள் ஆபீசில் சில வார்த்தைகளைச் சொல்லக்கூடாது. மெயிலில் எழுதக்கூடாது என்றால் நியாயம். வாயாலேயே சொல்லக்கூடாது. இலவசம், ஆஃபர், பரிசு, உடனே கிளிக் செய்யுங்கள். "வாயில வந்தது கையில வரும், கையில வந்தது மெயில்ல போவும்" என்பார் அக்கா. கீழே பேக்கரியில் ஒரு பன் வாங்கினால் ஒன்று இலவசம் என்று போர்டு வைத்தார்கள். லில்லி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அக்கா, கீழ ஒரு பன் வாங்கினா இன்னொண்ணு..." என்று ஆரம்பித்து, அக்கா முகத்தைப் பார்த்து, "இன்னொண்ணு காசு கேக்காம வருது" என்று முடித்தாள்.

பெரிய எழுத்தும் ஆகாது. ஆச்சரியக்குறி அறவே ஆகாது. "கத்தறவன் மெயில அவன் நம்ப மாட்டான். உள்ளுக்குள்ள நெசமா வலி இருக்கறவன் மெதுவாத்தான் பேசுவான்னு அவனுக்குத் தெரியும்." இதைக் கேட்டபோது சிரித்தேன். பின்னால் சிரிக்கவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து சோதனைப் பெட்டிகள். ஒவ்வொரு நாளும் ரிப்போர்ட்டுகள் கிளம்பும் முன், எங்களுக்கே சொந்தமான பன்னிரண்டு மெயில் பெட்டிகளுக்கு அக்கா ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பார். வீட்டுக்குள் போகிறதா, ஜங்க்கில் விழுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பன்னிரண்டில் ஆறு என் பொறுப்பு. நான் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சும்மா தொறந்து மூடாத. படி."

"என்னக்கா படிக்கறது, டெஸ்ட்டுன்னுதான எழுதியிருக்கு?"

"நான் என்னிக்குடா டெஸ்ட்டுன்னு எழுதினேன்? நல்லாப் பாரு."

பார்த்தேன். 'குக்கர் காஸ்கெட் மாத்திட்டேன். இனிமே சோறு குழையாது. மேகம் கறுத்திருக்கு, ஸ்வெட்டர் போட்டுக்குங்க' என்று எழுதியிருந்தது. நிஜமாகவே ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு எழுதுகிற மாதிரி இருந்தால்தான் அவன் வழி விடுவானாம். தினம் ஒன்று எழுதுவார். ஒருநாள் எழுதியது மறுநாள் வராது. மூன்றாவது வீட்டு நாய் குட்டி போட்டது, தண்ணி லாரி வராதது, பல்வலி. அந்தச் சின்ன மெயில்களுக்காகவே நான் காலையில் சீக்கிரம் ஆபீசுக்கு வர ஆரம்பித்தேன்.

"படிச்சிட்டு ஒரு நிமிஷம் சும்மா இரு. அப்பறம் பதில் போடு. அவன் பாத்துட்டே இருக்கான்."

நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். சட்டைப் பட்டனைக்கூடச் சரிசெய்துகொள்வேன். மெஷின் என்று மூளைக்குத் தெரியும். முதுகுக்குத் தெரிந்தால்தானே?

பன்னிரண்டில் முதல் பெட்டி மட்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அது அக்காவின் வீட்டுக்காரருடையது. முன்பு கைக்கடிகார ஃபேக்டரியில் வேலை பார்த்தவராம். காலை ஒன்பது பத்துக்கு மெயில் கிளம்பும். எங்கள் ஸ்கிரீனில், யார் மெயிலைத் திறந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். மிச்சப் பதினொரு பெட்டிகளையும் நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பத்து நிமிஷம் கழித்துத் திறப்போம். அவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சில நொடியில் பச்சை வந்துவிடும்.

"சாருக்கு என்னா வேகம்!" என்று இம்ரான் பாய் மெச்சிக்கொள்வார். "எங்க வீட்ல போன் பண்ணாக்கூட எடுக்க மாட்டேங்கறாங்க."

"வாட்ச் ஃபேக்டரி ஆளாச்சே" என்பார் அக்கா.

இப்போது அந்தப் போன் கேள்விக்கு வருகிறேன். பழைய நோயாளிகளுக்கு மூன்று மாசத்துக்கொரு தடவை, சுகர் பார்க்க வேண்டிய நாள் வந்தது என்று ஞாபகப்படுத்தி மெயில் போகும். மூன்று மெயில் போயும் ஒருத்தர் திறக்கவில்லை என்றால் அந்த விலாசத்தை வெட்டிவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். திறக்காத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பவனை அவன் குறித்து வைத்துக்கொள்வானாம். ஆனால் கேட்காமல் வெட்ட மாட்டார். போன் போடுவார். மழுப்பிப் பேச அவருக்கு வராது.

"வணக்கம் சார். நீங்க உயிரோட இருக்கீங்களா?"

ஒருத்தர் கன்னடத்தில் திட்டுவார். ஒருத்தர் தமிழில் திட்டுவார். ஒரு ரிட்டயர்டு ஆசாமி இங்கிலீஷில் பத்து நிமிஷம் திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "ரொம்ப சந்தோஷம் சார், இருக்கீங்க" என்று டிக் போடுவார். அந்தக் குரலில் கேலி இருக்காது. நிஜமாகவே சந்தோஷப்படுவார். திட்டினவர்கள் அடுத்த மெயிலைத் தவறாமல் திறந்தார்கள்.

சில பெயர்களுக்குப் போன் போடமாட்டார். ஸ்கிரீனில் விரலை வைத்துக்கொண்டு, "இவங்க போயிட்டாங்க தம்பி, எடுத்துடு" என்பார். எனக்கு மனசு கேட்காது. டாய்லெட்டுக்குப் போவதுபோல வெளியே போய் நானே இரண்டு நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வீட்டில் ஒரு பெண் அழுதாள். இரண்டாவது வீட்டில், "அப்பா போய் பத்து நாள் ஆச்சு. ஆஸ்பத்திரி, பேங்கு, யாரும் கேக்கல. நீங்கதான் மொதல்ல கேட்டீங்க" என்றார் ஒருத்தர். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "சொன்னா நம்பணும்" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆபீசில், யுகாதிக்கு முந்தின வாரம், "வீட்டுக்காரர் விஷயமா" என்று அக்கா இரண்டு நாள் லீவு போட்டார்.

இம்ரான் பாய் நல்ல மனுஷர். ஆனால் நல்ல மனுஷருக்கும் ஆசை இருக்குமே. யாரோ ஒருத்தரிடம் நாற்பதாயிரம் மெயில் விலாசங்களை மொத்தமாக வாங்கி வைத்திருந்தார். அக்கா இருந்தால் நடக்காது. அக்கா இல்லாத அந்த மதியம், 'யுகாதி ஆஃபர், முழு உடம்புப் பரிசோதனை, பாதி விலை' என்று பட்டாசுப் படம் போட்டு, ரிப்போர்ட் போகும் அதே விலாசத்திலிருந்து நாற்பதாயிரம் பேருக்கும் தட்டிவிட்டார்.

"பாய், அக்காவைக் கேட்டுக்கலாமே" என்றேன்.

"அரே, நீ ஒண்ணு! கேஸ் மூடினோமான்னு பத்து வாட்டி பாக்கற ஆளுகிட்ட நான் யாவாரம் கத்துக்கணுமா?"

மறுநாள் அக்கா படியேறி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைக்கூட இன்னும் போடவில்லை.

"யாரு கத்தினது?" என்றார்.

இம்ரான் பாய் தொண்டையைக் கனைத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அக்கா குல்லாயைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"பாய், அந்த நாப்பதாயிரத்துல செத்தவங்க எத்தினி பேருன்னு தெரியுமா? வருஷக்கணக்கா யாரும் தொறக்காத பெட்டிங்க. சொந்தக்காரன் போயிட்டான், பெட்டி நிக்குது. அவன் அதுக்குள்ள போயி உக்காந்துக்குவான். செத்தவங்க பேர்ல உக்காந்துகிட்டு, யாருடா இன்னும் இவங்களுக்குக் கடுதாசி போடறதுன்னு பாத்துட்டே இருப்பான். போட்டீங்கல்ல? பாத்துட்டான்."

"கல்லறையில போயி நோட்டீஸ் குடுத்த மாதிரி இருக்கு பாய்" என்று லில்லி முனகினாள்.

அக்கா சொன்னது நடந்தது. சோதனைப் பெட்டிகளில் என்னுடைய ஆறும் ஜங்க்கில் விழுந்தன. குக்கர் காஸ்கெட் மெயிலுக்கே அந்தக் கதி என்றால் ரிப்போர்ட்டுகளின் கதியைச் சொல்ல வேண்டுமா? ஆனால் ஸ்கிரீனில் பார்த்தால் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"பாரு, எல்லாம் தொறந்திருக்காங்க! சும்மா பயமுறுத்தறீங்க அக்கா" என்று இம்ரான் பாய்க்கு உயிர் வந்தது.

அக்கா அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. தேவராஜ், வயசு ஐம்பத்து நாலு, ஸ்ரீராம்புரம். முந்தின நாள் சாயங்காலம் போன ரிப்போர்ட். அனுப்பின லேப் டாக்டர் பயத்தில் தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். அர்ஜென்ட், கிரிட்டிகல், பின்னால் ஆறு ஆச்சரியக்குறி.

லில்லி அந்த லேப்புக்குப் போன் போட்டாள். ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். "நைட்டே உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற நம்பருக்குப் போன் பண்ணேம்மா. ராங் நம்பர்னு வெச்சிட்டாங்க. மெயில் தொறந்திருக்காங்கன்னு நீங்கதானே காட்டறீங்க? அதனால சேத்திருப்பாங்கன்னு இருந்துட்டேன்."

அக்கா அந்த நம்பருக்குப் போட்டார். எடுத்தவர், தேவராஜ் என்று யாரும் இல்லை என்றார். "சரி, நீங்க உயிரோட இருக்கீங்கல்ல? வைங்க" என்று வைத்துவிட்டார்.

"தொறந்திருக்கே அக்கா. பச்சை இருக்கே" என்றார் இம்ரான் பாய்.

"எத்தினி செகண்டுல தொறந்திருக்கு பாருங்க. எட்டு. நடு வயசு ஆளு, ஒடம்பு முடியாதவரு, மெயில் போன எட்டாவது செகண்டுல தொறப்பாரா?"

"உங்க வீட்டுக்காரர் தொறக்கறாரே!"

"எங்க வீட்டுக்காரர் போயி நாலு வருஷம் ஆச்சு பாய். நேத்தும் முந்தாநாளும் அவருக்குத் திவசம்."

எனக்குச் சத்தியமாகத் தெரியும், அந்த நேரம் கரண்ட் போகவில்லை. ஆனால் அறை இருட்டியது. லில்லி சிலுவை போட்டுக்கொண்டாள். இம்ரான் பாய் வாய்க்குள் ஏதோ ஓதினார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். முதல் பெட்டி. அன்று காலை ஒன்பது பத்துக்குப் போன மெயில். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"அப்ப... அதை யாருக்கா தொறக்கறாங்க?"

"அவன்தான். உள்ள விடறதுக்கு முன்னாடி அவனே பிரிச்சு மோந்து பாக்கறான். இப்பெல்லாம் நெறைய பெட்டில அப்படித்தான். பச்சைன்னா மனுஷன் பாத்தான்னு அர்த்தம் இல்ல. எனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கறீங்களா? மொதல் நாள் எனக்கும் பச்சை வந்துதே. ராத்திரி பூரா அழுதுட்டு, காலையிலதான யோசிச்சேன்." எழுந்துவிட்டார். "இந்தாளு ரிப்போர்ட்ட யாரும் பாக்கல. தம்பி, கெளம்பு."

ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் பாதி கேட்டார். அக்கா, "கொடுக்கறேன், பேக ஹோகப்பா" என்று சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டினார். கன்டோன்மென்ட் பக்கம் வண்டி நகரவே இல்லை. என் பையில் அந்த லேப் சீட்டின் ஒரிஜினல் இருந்தது. கிளம்பும்போது எடுத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தேன். போன் நம்பரின் கடைசியில் ஏழு. நான் கம்ப்யூட்டரில் அடித்திருந்தது ஒன்று.

மூன்று தடவை பார்க்கிற நான் அன்று எத்தனை தடவை பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சரியான நம்பருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"அக்கா," என்றேன். "தப்பு என்னுதுக்கா. ஏழுக்கு பதிலா ஒண்ணு போட்டுட்டேன்."

"தெரியும். சீட்ட நீ பையில வெக்கறப்பவே பாத்தேன்."

"பாய்கிட்ட..."

"மொதல்ல ஆளு இருக்கணும். அப்பறம் பாய், அப்பறம் நீ."

சீட்டில் இருந்த விலாசம் இதுதான்: ஸ்ரீராம்புரம், மாரியம்மன் கோவில் பக்கத்தில். அங்கே போய் இறங்கியதும்தான் தெரிந்தது, ஸ்ரீராம்புரத்தில் மாரியம்மன் கோவில் பக்கத்தில் இல்லாத வீடே கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு அம்மன், ஒரு தண்ணீர்க் குழாய், குழாயடியில் வரிசையாகக் குடங்கள். தேவராஜ் வீடு எது என்று கேட்டால், "எந்த தேவராஜ்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

மூன்றாவது சந்தில் திரும்பினோம். ஷாமியானா போட்டிருந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தரிடம் கேட்டேன்.

"தேவராஜ் வீடு?"

"இதாம்ப்பா. காலையில அஞ்சு மணிக்குப் போயிட்டார்."

பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒன்று என்கிற எண் என் கண் முன்னால் ஊதுபத்தி மாதிரி நின்று புகைந்தது. அக்கா நேராகப் போய், சவத்துக்குக் கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் அந்த ஆளிடம் குனிந்து கேட்டார்.

"பெரியவருக்கு வயசு எவ்ளோ?"

"எம்பத்திரெண்டு."

அக்கா திரும்பி வந்து என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "நம்மாளுக்கு அம்பத்து நாலு. எழுந்திரி, நட."

ஐந்தாவது சந்தில், நீல பெயின்ட் அடித்த ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண் இளநீரைச் செம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தேவராஜ் வீடா என்று கேட்டோம். ஆமாம் என்றாள்.

அக்காவுக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாதே. "உயிரோட இருக்காரா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, என்னாங்கடி இது, யாருடி நீ" என்று ஓலமிட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. நாங்கள் அடி வாங்கப்போகிறோம் என்று நான் முடிவே பண்ணிவிட்டேன். அப்போது உள்ளே இருட்டிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

"இருக்கேம்மா... இருக்கேன். யாரு?"

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல குரலை நான் கேட்டதில்லை.

தேவராஜ் கார்ப்பரேஷனில் குப்பை வண்டி ஓட்டுகிறவர். இரண்டு நாளாகக் காலில் பலமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாயுதான் என்று படுத்துவிட்டார். போன் தலைமாட்டில் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. சம்சாரம் கன்னியம்மா காலையிலிருந்து இரண்டு இளநீர் கொடுத்திருக்கிறாள். இது மூன்றாவது. லேப் டாக்டர் லில்லியிடம் படித்துப் படித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது: இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், அதில்தான் பொட்டாசியமே. பாய்ந்து போய் செம்பைப் பிடுங்கினேன். பாதி என் சட்டையில் கொட்டியது.

"இளநி கூடக் குடிக்கக்கூடாதா? எந்த ஊர்க்காரண்டா நீ?" என்று கன்னியம்மா என் காலரைப் பிடித்தாள்.

அக்கா சார்ஜரைச் செருகி, போனை உயிர்ப்பித்து, ஜங்க் பெட்டியைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். கோடி ரூபாய் லாட்டரிக்கும், ஐந்து நிமிஷத்தில் கடனுக்கும் நடுவில் தேவராஜின் ரிப்போர்ட் கிடந்தது. யாரும் திறக்காத மெயில். அதன் மேல் அந்த ஆறு ஆச்சரியக்குறிகளும் கத்திக்கொண்டே இருந்தன. இவ்வளவு கத்தியும் ஒரு மனுஷன் காதில் விழவில்லை.

காத்திருந்த அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோக்காரர் தேவராஜின் முகத்தைப் பார்த்ததும் அந்த மேல் பாதியைப் பற்றி மறுபடி பேசவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

மறுநாள் நானே இம்ரான் பாயிடம் போய் ஏழு ஒன்றான கதையைச் சொன்னேன். "நான் நாப்பதாயிரம் தப்பு பண்ணேன். நீ ஒண்ணு பண்ணே. போய் வேலையப் பாரு" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு சட்டம். உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் சிவப்பு ரிப்போர்ட் என்றால் மெயிலை நம்பக்கூடாது, பச்சையையும் நம்பக்கூடாது. ஆள் குரலைக் கேட்கிற வரைக்கும் போனை வைக்கக்கூடாது.

அப்புறம் ஒரு மாசம் பத்தியம். புது மெயில் விலாசம் ஒன்று எடுத்து, முதல் நாள் பத்து மெயில், மறுநாள் இருபது என்று பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல அக்கா ஊட்டினார். மிச்ச ரிப்போர்ட்டுகளை நானும் லில்லியும் பிரின்ட் எடுத்து, பஸ்ஸில் போய் வீடு வீடாகக் கொடுத்தோம்.

தேவராஜ் தேறி, மைசூர் பாக்குடன் படியேறி வந்தார். "அந்தக் கேள்வி கேட்ட அம்மா யாரு?" என்றார். நாங்கள் ஜன்னலோரம் காட்டினோம். அவர் மஞ்சள் குல்லாய்க்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்க கேட்டப்போ எனக்கே சந்தேகம் வந்திடுச்சும்மா. ரெண்டு செகண்டு யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்னு சொன்னேன்."

"அதான் லேட்டாச்சா?" என்றார் அக்கா. "நான் பயந்துட்டேன்."

அக்கா பயந்தேன் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்த வருஷம் அக்கா வேலையை விட்டு, மகள் வீட்டோடு இருக்க ஆனேக்கல் போனார். பஸ் ஏற்றிவிடப் போனேன். கடைசிப் படியில் நின்று, "முதல் பெட்டிய யாருக்கும் குடுக்காத. என் பெட்டிய ரெண்டாவதா போட்டுக்கோ. தினம் ஏதாச்சும் எழுது. ஆளு ஆளுக்கு எழுதற மாதிரி எழுது. அவன் பாத்துட்டு இருப்பான்" என்றார். போன மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். மகள்தான் போன் பண்ணிச் சொன்னாள். "உயிரோட இருக்கீங்களான்னு தினம் காலையில எங்க எல்லாரையும் கேக்கும்ணா. அன்னிக்குக் கேக்கல. அதுலதான் தெரிஞ்சுது" என்றாள்.

அக்காவின் சட்டப்படி இரண்டு பெட்டிகளையும் நான் எப்போதோ வெட்டியிருக்க வேண்டும். இப்போதும் ஒன்பது பத்துக்கு மெயில் அனுப்புகிறேன். என் சின்னவள் பல் விழுந்தது, கீழே பேக்கரிக்காரர் கடையை வெள்ளையடித்தது, தேவராஜ் மறுபடி வண்டி ஓட்டுவது. எட்டு செகண்டில் இரண்டு பெயருக்கும் பக்கத்தில் பச்சை வந்துவிடும். மெஷின்தான் திறக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான்.

போன திங்கட்கிழமை வீட்டுக்காரருக்குப் பச்சை வந்தது, அக்காவுக்கு வரவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. லில்லி தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். பதினோராவது நிமிஷம் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே போனை எடுத்து அக்காவின் பழைய நம்பரைப் பாதி போட்டுவிட்டேன். அப்போது பச்சை வந்தது.

போனை வைத்தேன். சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டேன். அன்றைக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு மெயில் எழுதினேன். பெரிய எழுத்து இல்லை, ஆச்சரியக்குறி இல்லை.

'லேட்டு பண்ணாதீங்க அக்கா. நான் பயந்துட்டேன்.'